உதிர்ந்து போன ஒரு ‘லாம்’

2024 சித்திரையில் ஊர்க் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தபோது கண்மாய்க்கரையில் புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். நீல வர்ணத்தில் மஞ்சள் எழுத்து. ‘ராணி மங்கம்மாள் காலத்தில் அமைக்கப்பட்ட சுமைதாங்கி. 300 ஆண்டு பழமை வாய்ந்தது.’ கீழே விழாக் கமிட்டி, அதற்கும் கீழே உபயதாரர் பெயர், அவருடைய சிமெண்டுக் கடையின் போன் நம்பர். கல்லுக்கும் வெள்ளையடித்து இரண்டு காவிப்பட்டை போட்டிருந்தார்கள். தம்பி மகன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சித்தப்பாவின் பேரன், பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன். “நம்ம ஊர் கெத்து பாத்தீங்களா பெரியப்பா” என்றான். “யார்டா சொன்னா இதை?” என்றேன். “நெட்லயே இருக்கே” என்று போனை எடுத்து நீட்டினான். இரண்டு வரி படித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வரிகள் என்னுடையவை.

ஊர்ப் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கேயும் எழுதப்போவதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை எழுதினால் அதுவும் மங்கம்மாள் பெயரும் இன்னொரு பக்கத்தில் சேர்ந்து நிற்கும். அடுத்த தடவை யாராவது தேடும்போது அதுவும் ஒரு சாட்சியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே சாட்சிகள் அதிகம்.

2009இல் நான் சென்னையில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தேன். இணையத்தில் வலைப்பதிவு எழுதும் ஜுரம் எல்லாருக்கும் அடித்துக்கொண்டிருந்த காலம். எ-கலப்பை மென்பொருளை நிறுவிக்கொண்டு தமிழில் தட்டத் தெரிந்தவனெல்லாம் எழுத்தாளன். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கண்மாயைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மடை, கருவேல மரம், அயிரை மீன் என்று எல்லாம் வந்தது. சுமைதாங்கியும் வந்தது. தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்க வைத்திருக்குமே, அதுதான். விறகுக்கட்டோ சந்தைக் கூடையோ, இறக்கிவிட ஆள் இல்லாமல் தானாகவே சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்று போகலாம். சின்ன வயதில் நாங்கள் ஏறி உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களை வேடிக்கை பார்த்த கல். அதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இணையத்தில் ‘சுமைதாங்கி’ என்று தேடினேன். அதே பெயரில் வந்த பழைய படத்தின் பாட்டுகள் வரிசையாக வந்தன. அவ்வளவுதான்.

சரி, நாமே யோசிப்போம் என்று யோசித்தேன். கண்மாய்க்கரை வழியாகப் போவது பழைய பாதை. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பழைய பாதையாக இருந்து ஓரத்தில் நாலு புளியமரமும் நின்றால் போதும், மங்கம்மா சாலை என்று சொல்லிவிடுவார்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவள். சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், மரம் வைத்தாள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரில் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. வழிப்போக்கர்களுக்கு இவ்வளவும் செய்தவள் சுமைதாங்கி வைத்திருக்க மாட்டாளா? இப்படி ஒரு முடிச்சைப் போட்டு, இந்த வரியை எழுதினேன்: ‘தலைச்சுமைகாரர்கள் இளைப்பாற வைத்த இந்தச் சுமைதாங்கி ராணி மங்கம்மாள் காலத்தில் அமைக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் இதற்கு முந்நூறு வயது.’

இருக்கலாம் என்றுதான் எழுதினேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன ஆறுதல். பெரிய ஆறுதல் இல்லை. ஏனென்றால் அப்பா அப்போது இருந்தார். நொடிக்கு ஒரு பைசா கட்டணம் வந்த வருஷம் அது. ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் மூன்று ரூபாய் ஆகியிருக்கும். ஊரில் இருக்கிற கல்லைப் பற்றி ஊரில் இருக்கிற அப்பாவைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே யாருக்கும் தெரியாது. அன்றைக்கு என் புத்தி இந்த வரிசையில்தான் போனது. இன்றைக்கும் பல நாள் அப்படித்தான் போகிறது.

ஒரு க் இல்லாமல் பதினோரு பக்கங்கள்

அன்று ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு போனில் தேடினேன். எங்கள் ஊர்ச் சுமைதாங்கியைப் பற்றி மொத்தம் பதினோரு பக்கங்கள் சிக்கின. பதினொன்றும் என் பதிவிலிருந்து வந்தவைதான் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ‘தலைச்சுமைக்காரர்கள்’ என்று க் போட்டு எழுத வேண்டியதை நான் அவசரத்தில் ‘தலைச்சுமைகாரர்கள்’ என்று எழுதியிருந்தேன். பதினோரு பக்கத்திலும் அந்த க் இல்லை. சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது பழைய வித்தை. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இரண்டு ஏடுகளுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுதான்.

தேதி போட்டிருந்த பக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. 2012இல் ஒரு ஊர்ப்பெருமைப் பக்கத்தில் என் ‘இருக்கலாம்’ என்பது ‘கூறப்படுகிறது’ ஆகியிருந்தது. யார் கூறினார்கள்? நான்தான், அந்த மேன்ஷன் அறையில். 2015இல் ‘கூறப்படுகிறது’ போய் ‘அமைக்கப்பட்டது’ வந்துவிட்டது. 2018இல் ராணி நேரில் வந்து, தலைச்சுமையோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து மனம் இரங்கிக் கல் நடச் சொல்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். 2021இல் ஒரு வீடியோ, பின்னணியில் உடுக்கைச் சத்தத்தோடு: ‘300 ஆண்டு மர்மம்!’ கல்லைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்திருந்த அந்தத் தம்பி, மர்மம் என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை.

என் பழைய பதிவு இத்தனைக்கும் கீழே கிடந்தது. அது நியாயம்தான். 1998இல் ஸ்டான்போர்டில் இரண்டு மாணவர்கள் தேடுபொறிக்காக வெளியிட்ட முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் கை காட்டுகின்றன, அப்படிக் கை காட்டுபவை எவ்வளவு பெரிய மனிதர்கள் என்று பார்த்து மரியாதை கொடுக்கும் முறை. ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையை வைத்து மதிக்கிற பழக்கத்திலிருந்து எடுத்தது. இன்றைக்குத் தேடுபொறிகள் இன்னும் எத்தனையோ பார்க்கின்றன. ஆனாலும் நாலு பேர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற அந்த அடிப்படை நம்பிக்கை மாறியதாகத் தெரியவில்லை. ஊர்ப் பஞ்சாயத்திலும் அதே நம்பிக்கைதான். ஒரே வித்தியாசம், பஞ்சாயத்தில் யாராவது ஒரு பெரியவர், “நீ நேர்ல பாத்தியா, இல்ல அவன் சொன்னானா?” என்று கேட்டுவிடுவார். பதினோரு சாட்சியில் பத்துப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று தேற்றிக்கொள்ள ஒரு உதாரணம் உண்டு. தென் அமெரிக்காவில் கோவாட்டி என்று ஒரு பிராணி. எழுத்தைக் கொஞ்சம் மாற்றினால் திருநெல்வேலிக் ‘கோட்டி’, அதாவது பைத்தியம், ஆகிவிடும், அது வேறு விஷயம். 2008இல் நியூயார்க்கைச் சேர்ந்த பதினேழு வயது மாணவன் ஒருவன் பிரேசிலுக்குப் போய்வந்து, விளையாட்டாக விக்கிப்பீடியாவில் அதற்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் ஒரு பெயர் உண்டு என்று சேர்த்துவிட்டான். ஆர்ட்வார்க் என்பது ஆப்பிரிக்காவில் எறும்பு தின்னும் பிராணி; இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் நீக்கவில்லை. பிரிட்டிஷ் நாளிதழ்களில் அந்தப் பெயர் வந்தது, ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகத்தில் வந்தது. பிறகு அந்தச் செய்திகளே விக்கிப்பீடியா வரிக்கு ஆதாரமாகப் போய் ஒட்டிக்கொண்டன. 2014இல் நியூயார்க்கர் பத்திரிகை இதைப் பற்றி எழுதும்போது, அந்தப் பெயரை உண்மையாகவே புழங்குகிறவர்கள் உண்டாகிவிட்டார்கள். அந்தப் பையனாவது வேண்டுமென்றே செய்தான். நான் அடக்கமாக ஒரு ‘லாம்’ போட்டு எழுதியவன். இரண்டுக்கும் கதி ஒன்றுதான்.

மாடியில் படுத்துக்கொண்டு அந்த ‘லாம்’ பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்கிறவனுக்கும் சொல்லப்பட்டதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று காட்டத் தமிழில் எத்தனை ஏற்பாடு இருக்கிறது! கண்ணால் பார்த்தால் ‘வந்தான்’. யாரோ சொல்லிக் கேட்டால் ‘வந்தானாம்’. யூகம் என்றால் ‘வந்திருக்கலாம்’, செருப்பைப் பார்த்துச் சொன்னால் ‘வந்திருக்கிறான் போல’. பாட்டிகள் கதை சொல்லும்போது ராஜா இருந்தானாம், காட்டுக்குப் போனானாம், புலி வந்ததாம் என்று வினைக்கு வினை ஒரு ‘ஆம்’ போட்டுப் பொறுப்பைத் துறந்துவிடுவார்கள். தொல்காப்பியரே இலக்கணம் சொல்லும்போது ‘என்மனார் புலவர்’, ‘என்ப’, ‘மொழிப’ என்று சூத்திரத்துக்குச் சூத்திரம் முன்னோர் தலையில் வைத்துவிட்டுத்தான் போகிறார். இது பணிவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இப்போது அது ரசீது மாதிரி தெரிகிறது. எடுத்தெழுதுகிறவன் முதலில் கிழித்துப் போடுவது அந்த ரசீதைத்தான். ‘இருக்கலாம்’ என்ற வரியை யாரும் பகிர மாட்டார்கள். போர்டில் எழுத மாட்டார்கள்.

தூக்கம் வராமல், எல்லாரும் பேசுகிறார்களே அந்தச் செயற்கை நுண்ணறிவிடமும் கேட்டுப் பார்த்தேன். ஊர்ப் பெயரைப் போட்டு, இந்தச் சுமைதாங்கியின் வரலாறு என்ன என்று கேட்டேன். மூன்று பத்தி. ராணியின் ஆட்சிக்காலம், நிர்வாகத் திறமை, ‘பயணிகளின் நலன் கருதி’ அவள் இதை அமைத்த விதம். மொழி வழுக்கிக்கொண்டு போனது. ஆதாரம் என்ன என்று கேட்டேன். மூன்று இணைப்புகள் கொடுத்தது. ஒன்று உடுக்கை வீடியோ. ஒன்று ஊர்ப்பெருமைப் பக்கம். மூன்றாவது என் பதிவு. என்னிடமே என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. க் இல்லாததைக் கூட அது மட்டும்தான் திருத்திக்கொண்டு எழுதியிருந்தது. அதனால் இனிமேல் வரப்போகிற பிரதிகளில் அந்த அடையாளமும் இருக்காது.

கீழத்தெரு

மறுநாள் காலை கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனவன் பாதி வழியில் நின்றுவிட்டேன். போய் என்ன சொல்வது? மங்கம்மாள் இல்லை என்றா? அதுவும் எனக்குத் தெரியாதே. நான் எழுதியது யூகம் என்பது மட்டும்தானே தெரியும்.

கீழத்தெருவில் எண்பத்தைந்து வயதில் ஒரு அப்பத்தா இருக்கிறார். உறவில்லை, ஊருக்கே அவர் அப்பத்தாதான். திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டையைத் தனியாகவும் புளியைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தார். நலம் விசாரிப்பு, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி, சென்னையில் தண்ணீர் கஷ்டமாமே, எல்லாம் முடிந்தபின் சும்மாதான் கேட்டேன். “கம்மாக்கரையில அந்தச் சுமைதாங்கி எப்ப வச்சது அப்பத்தா, தெரியுமா?”

கையை நிறுத்தவே இல்லை. “அது எங்க அப்பத்தாளுக்கு மூத்தவளுக்கு வச்சதுல்ல.”

“மூத்தவன்னா?”

“கூடப்பெறந்த அக்கா. ரெண்டு பேரையும் இதே ஊர்லதான் குடுத்திருந்தாங்க. வயித்துப் பிள்ளையோட போய்ட்டா. தலைச்சன். ரெண்டு நா வலி. வண்டி கட்டிக் கொண்டு போனதுல கம்மாக்கரை தாண்டல.” ஒரு கொட்டையை எடுத்து முறத்தில் போட்டார். “அப்பிடிப் போனவளுக்குக் கல்லு வைக்காம விட்டா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. வச்சாங்க.”

கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவுக்குச் சுமைதாங்கி வைப்பது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. இதைப் புத்தகத்தில் பிற்பாடு படித்திருக்கிறேன். படித்தபோதுகூட எங்கள் ஊர்க் கல்லை அதோடு சேர்த்து நினைக்கவில்லை. எங்கள் கல்லுக்குத்தான் ராணி இருக்கிறாளே.

“பேரு என்ன அப்பத்தா?”

“யாருக்குத் தெரியும்? மூத்தவன்னுதான் பேச்சு. செத்தவ பேரச் சொல்லியா கூப்புடப் போறாங்க.” அப்புறம் அவராகவே சொன்னார். ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய அம்மா அந்தக் கல்லில் எண்ணெய் தடவி ஒரு தேங்காய் உடைப்பாராம். தன் காலத்தில் கொஞ்ச வருஷம் செய்து பார்த்துவிட்டு, முட்டி முடியாமல் விட்டுவிட்டாராம். “ஒங்கப்பனுக்குத் தெரியுமே. சின்னப்பிள்ளையில தேங்காச் சில்லுக்கு மொத ஆளா வந்து நிப்பான்.”

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போர்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. ராணி வைத்தது என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“எந்த ராணி?” என்று புருவத்தைச் சுருக்கினார். “எங்க வகையறால ராணின்னு யாரும் இல்லையே.”

பதினோரு பக்கம் படித்துவிட்டு வந்தவன் நான். இந்த ஒரு வீட்டுத் திண்ணை மூன்று தெரு தள்ளி. 2009இலும் இங்கேதான் இருந்தது.

டார்ச் வெளிச்சம்

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு பொய்யை இத்தனை வருஷம் நடமாட விட்டவன், அடுத்ததை வாய்ச்சொல்லை வைத்து எழுதுவதா? அப்பத்தா சொன்னதும் ஒருவர் சொன்னதுதானே. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனேன். பகலில் பார்த்தால் அந்தக் கல்லில் வெள்ளையும் காவியும் தவிர ஒன்றும் இல்லை. எத்தனை பொங்கலுக்கு எத்தனை பூச்சோ, ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் பார்த்தால் அடுக்கடுக்காகப் பரோட்டா மாதிரி இருக்கிறது. ஆனால் இருட்டில் டார்ச்சைக் கல்லுக்கு நேராக அடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டினாற்போலச் சாய்த்து அடித்தால், மேடு பள்ளமெல்லாம் நிழல் விட்டு எழுந்து நிற்கும். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்கிற காரியம். அவர்கள் முறையாக ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். எங்களிடம் இருந்தது போன் மட்டும்.

அவன் ஒரு ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினான். மேல்கல்லின் பாதையைப் பார்த்த முகத்தில், காவிப்பட்டைக்கு அடியில், முதலில் ஒரு சுழி தெரிந்தது. “பெரியப்பா, அசைக்காதீங்க, இருங்க இருங்க” என்றான், நான் எதையும் அசைக்கவில்லை. சுழிக்கு வலது பக்கம் ஒரு ‘து’. அப்புறம் அதற்கு முன்னால் ‘ரு’. விரலை வைத்துத் தடவினேன். பூச்சுக்கு அடியில் வெட்டு லேசாக உணரமுடிந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கொசு பிடுங்கியது. கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டது இவ்வளவு: முதல் வரியில் ‘…பகிருது ௵ ஆடி ௴ ௰௨ ௳’. இரண்டாவது வரியில் ‘…யி ஞாபகமாக’. இடது மூலை உடைந்து போயிருந்தது. எப்போதோ மண் ஏற்றிவந்த டிராக்டர் இடித்தது என்று அவன் சொன்னான். அந்த மூன்று குறிகளையும் அவன் பார்த்ததே இல்லை. வருஷம், மாதம், தேதி என்று சொன்னபோது, “இமோஜி மாதிரி” என்றான். ௰௨ என்றால் பன்னிரண்டு.

ஆடி என்று கல்லும் சொல்கிறது, ஆடி என்று அப்பத்தாவும் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கல்லுக்கு அவரைத் தெரியாது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருக்க வழியே இல்லை. பதினோரு பக்கங்கள் தராத தெம்பு இந்த இரண்டே சாட்சியில் வந்தது.

வருஷத்துக்கு வருவோம். அறுபது வருஷப் பட்டியலில் ‘பகிருது’ என்று முடிவது இரண்டு: சுபகிருது, அடுத்தது சோபகிருது. இரண்டும் இப்போதுதான், 2022 சித்திரையிலும் 2023 சித்திரையிலும் பிறந்து போயின. அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1962-63, 1902-03, 1842-43. 1962 என்றால் அப்பத்தாவுக்கே இருபத்து மூன்று வயது. கல் நட்டதைக் கண்ணால் பார்த்திருப்பார். 1842இல் அவருடைய அப்பத்தாளின் அக்கா பிறந்தே இருக்க மாட்டாள். ஆக 1902 ஆடி, இல்லையென்றால் 1903 ஆடி. இன்னும் பின்னால் போய்ப் பார்த்தேன், ஒரு கெட்ட ஆசையோடு. 1782, 1722, 1662. மங்கம்மாள் ஆண்ட பதினேழு வருஷத்தில் சுபகிருதும் வரவில்லை, சோபகிருதும் வரவில்லை. இந்த வருஷப் பட்டியல் போனில் அரை நிமிஷத்தில் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சாங்கம் தேடி அந்த ராத்திரி எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்?

சுவா சோவா என்பதுதான் தீரவில்லை. உடைந்த மூலையில் எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று விரலால் அளந்து பார்த்தோம். ‘சு’ என்றால் ஒரு எழுத்து அகலம் போதும். ‘சோ’ என்றால் கொம்பு, ச, கால் என்று மூன்றுக்கு இடம் வேண்டும். உடைப்பு சாய்வாகப் போயிருந்ததால் இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுத்தது. பெயரும் அப்படியே. கருப்பாயி, இருளாயி, வீராயி, அங்காயி. எங்கள் பக்கத்தில் ‘யி’யில் முடிகிற பெயர்களுக்கா பஞ்சம்?

இடம் பத்தாது

கமிட்டித் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்பத்தாவைப் பற்றிச் சொன்னதும், “ஆமாமா, அந்த வீட்டுல ஏதோ தேங்கா ஒடைப்பாங்க” என்று அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் போர்டை மாற்ற மனசில்லை. “ஊர்ல ஒருத்தி செத்ததுக்கு வச்சதுன்னு எழுதி யாரு பாக்க வரப்போறாய்யா? ராணி பேரு இருந்தா நாளப்பின்ன ரோடாவது போட்டுக் குடுப்பான். நெட்லயும் அப்பிடித்தானே இருக்கு.” நெட்டில் அப்படி எழுதினவனே நான்தான் பெரியப்பா என்றேன். “அப்ப நீயே இப்பிடிப் பேசலாமா?” என்றார்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். ‘அமைக்கப்பட்ட’ என்பதை ‘அமைக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படும்’ என்று மாற்றிக்கொள்ளலாம், உனக்காக, என்றார். தப்பென்று தெரிந்ததற்கு ‘லாம்’ போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். போர்டு எழுதும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் வந்து போர்டை ஒரு தடவை பார்த்தான், எழுத்தை எண்ணினான். “இடம் பத்தாதுண்ணே. உபயதாரர் பேரை எடுத்தா வரும்” என்றான். பேச்சு அத்தோடு முடிந்தது.

சென்னைக்கு வந்ததும் என் பழைய பதிவைத் திறந்தேன். பதினைந்து வருஷமாக மறந்து கிடந்த கடவுச்சொல்லை மீட்கவே ஒரு நாள் ஆனது. பழைய வரியை அழிக்கவில்லை. அழித்தால் பதினோரு பக்கத்துக்கும் தாய் ஏடு இல்லாமல் போய்விடும். மேலே சிவப்பில் ஒரு குறிப்பு சேர்த்தேன். கீழே உள்ளது என் யூகம், தவறு. கல்லில் உள்ள எழுத்துப்படி இது சுபகிருது அல்லது சோபகிருது ஆடியில், பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் நினைவாக வைக்கப்பட்டிருக்கலாம். 1902ஆகவோ 1903ஆகவோ இருக்கலாம். நோட்டில் எழுதிய இரண்டு வரியையும் அந்த மூன்று குறிகளோடு அப்படியே போட்டேன். அப்பத்தாவின் பெயரைப் போடவில்லை. போடாதே என்று அவர் சொல்லவில்லை, எனக்குத்தான் பயம்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், கூடவே வாய்விட்டுச் சிரிக்கிற பொம்மை நாலைந்து. தேடுபொறியில் ஊர்ப் பெயரும் சுமைதாங்கியும் போட்டுத் தேடியிருக்கிறான். மேலே பெட்டி கட்டி, இயந்திரம் திரட்டிய பதில் வந்திருந்தது. நான் எழுதிய குறிப்பை அது படித்துவிட்டிருந்தது. பழைய பதினோரு பக்கங்களையும் மறக்கவில்லை. யார் மனமும் நோகாமல் இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கியிருந்தது: ‘இந்தச் சுமைதாங்கி, பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் நினைவாக ராணி மங்கம்மாளால் 1902ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது.’

1903 எங்கே போனது என்று கேட்டிருந்தான்.